ஆன்டிகனி நாடகத்தில் பாத்திரத்தை எங்கே தேடுவது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: சென்னையில் இளங்கலை ஆங்கில இலக்கியம் படிக்கிறீர்கள், பாடத்தில் பழைய கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபோக்கிளீஸின் 'ஆன்டிகனி' இருக்கிறது. கைடில் ஆன்டிகனி என்றால் துணிச்சல், பாசம், பிடிவாதம் என்றும், கிரியான் என்றால் ஆணவம், சர்வாதிகாரம் என்றும், கருப்பொருள் 'அரசின் சட்டமும் மனசாட்சியும்' என்றும் போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே எழுதினால் மதிப்பெண் வருகிறது, ஆனால் நாடகத்தைப் படித்த மாதிரியே இல்லை. பாத்திரத்தையும் கருப்பொருளையும் ஒழுங்காக எப்படிப் படிப்பது, அப்புறம் இதில் துன்பியல் நாயகன் யார்?

கைடு சொல்வது எதுவும் பொய்யில்லை. ஆனால் துணிச்சல், பிடிவாதம், ஆணவம் என்ற சொற்களை அப்படியே தூக்கி வேறு எந்தத் துன்பியல் நாடகத்தின் மேலும் ஒட்டிவிடலாம், அதுதான் சிக்கல். நான் சொல்வேன், குணத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு செயலைப் பாருங்கள், செயலிலும் அதன் வரிசையைப் பாருங்கள். யார் எதை முதலில் செய்தார்கள், எதைத் தள்ளிப்போட்டார்கள், ஒரே ஆள் இரண்டு பேரிடம் எப்படி வேறு மாதிரி பேசினார் என்று. அரிஸ்டாட்டிலும் துன்பியலில் நிகழ்ச்சிகளின் கோப்புக்குத்தான் முதலிடம் தருகிறார், பாத்திரத்துக்கு இரண்டாமிடம்தான்.

கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தீப்ஸ் நகரத்தில் ஈடிபஸின் இரண்டு மகன்களும் அரியணைக்காகச் சண்டை போட்டு ஒருவரை ஒருவர் கொன்று விழுகிறார்கள். எடியோக்ளீஸ் நகரத்தைக் காக்க நின்றவன், பாலினைசீஸ் வெளியூர்ப் படையோடு சொந்த ஊர் மேலேயே வந்தவன். அரசனாகிற கிரியான், முதலாமவனுக்கு மரியாதையோடு அடக்கம், இரண்டாமவன் நாய்க்கும் பறவைக்கும் இரையாகக் கிடக்கட்டும், மீறினால் சாவு என்று ஆணையிடுகிறான். தங்கை ஆன்டிகனி மீறுகிறாள், பிடிபடுகிறாள், அவளை உயிரோடு ஒரு குகைக்குள் அடைக்கச் சொல்கிறான். இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைக் கைவிடாதீர்கள். கிரியான் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். அவளுக்கு நிச்சயம் செய்திருக்கிற ஹேமன், கிரியானின் மகன், அதாவது மாமன் மகன், நம் கணக்கில் உரிமையுள்ள முறைமாப்பிள்ளை. அம்மா அப்பா இல்லாத வீட்டில் தாய்மாமன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்ய வேண்டியவன். அந்த மாமனே ஒரு மருமகனுக்கு எடுத்துப்போட ஆள் இல்லாமல் செய்துவிட்டு, அதைச் செய்யப் போன மருமகளுக்கு மரண தண்டனை கொடுக்கிறான். இதன் கனம் நமக்கு அடிக்குறிப்பு இல்லாமலே தெரியும்.

சரி, இனி கிரியானின் முதல் பேச்சுக்குப் போகலாம், ஏனென்றால் பெரும்பாலான விடைத்தாள்கள் சறுக்குகிற இடம் அதுதான். நகரத்துப் பெரியவர்கள் முன்னால் நின்று அவன் சொல்வதன் சாரம் இது: ஒருவனுடைய மனமும் எண்ணமும் தீர்ப்பும் எப்படிப்பட்டவை என்பது, அவன் ஆட்சியிலும் சட்டத்திலும் பழகிக் காட்டுகிற வரைக்கும் தெரியவே தெரியாது. நாட்டைவிடத் தனக்கு வேண்டியவனைப் பெரிதாக நினைக்கிறவனை நான் ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டேன். நாடு என்ற கப்பல் நேராகப் போனால்தான் நமக்கு நண்பர்களே கிடைப்பார்கள். பாத்திரத்தை எப்படிப் படிப்பது என்ற உங்கள் கேள்விக்கு நாடகமே 175ஆவது வரியை ஒட்டிப் பதில் சொல்லிவிடுகிறது பாருங்கள், அதுவும் இனிமேல் சோதிக்கப்படப் போகிறவன் வாயாலேயே.

இந்தப் பேச்சை 'ஆணவம் பிடித்தவன் பேச்சு' என்று எழுதாதீர்கள். ஏதென்ஸ்காரர்களுக்கு அது அப்படிப் படவில்லை. கி.மு. 343இல் டெமாஸ்தனீஸ் தன் அரசியல் எதிரி ஏஸ்கினீஸ் மேல் வழக்காடியபோது, இந்த வரிகளையே நீதிமன்றத்தில் நல்ல அரசியல் பாடமாக எடுத்து வைத்தார். ஏஸ்கினீஸ் முன்பு மேடை நடிகர், கிரியான் வேஷம் கட்டியவர். மேடையில் பேசியதை நாட்டு விஷயத்தில் மறந்துவிட்டார் என்பது டெமாஸ்தனீஸின் குத்தல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டபோது நெல்சன் மண்டேலா நடித்தது கிரியானாக. தன் வரலாற்றில் அவர் இதே வரிகளை நினைவுகூர்ந்து, கிரியான் தொடக்கத்தில் உண்மையான நாட்டுப்பற்று உள்ளவன்தான், வளைந்துகொடுக்காததும் இரக்கத்துக்கு இடம் தராததும்தான் தலைவனுக்கு ஆகாது என்கிற மாதிரி எழுதுகிறார். ஆக, நல்ல கொள்கையோடு வருகிற ஒருவன் எப்படிக் கெடுகிறான் என்று படித்தால்தான் நாடகம் திறக்கும், முதல் காட்சியிலேயே வில்லன் முத்திரை குத்திவிட்டால் மிச்சம் படிக்க ஒன்றும் இருக்காது.

இப்போது சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காவலாளி ஒருவன் நடுங்கிக்கொண்டே வந்து, சடலத்தின் மேல் யாரோ மண் தூவி சடங்கு செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்கிறான். கிரியானின் முதல் கேள்வியே எந்த ஆண் இதைச் செய்யத் துணிந்தான் என்பது. பெண்ணாக இருக்கலாம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. பெரியவர்கள் தயங்கித் தயங்கி, இது தெய்வச் செயலாக இருக்குமோ என்கிறார்கள், அவர்கள் மேல் பாய்கிறான். உடனே, என்னைப் பிடிக்காதவர்கள் காவலாளிக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாடகத்தின் பின்பகுதியில் கண் தெரியாத குறி சொல்பவர் டைரீசியஸ் வந்து எச்சரிக்கும்போதும் அவன் சொல்வது அதேதான்: காசு வாங்கிக்கொண்டு பேசுகிறீர். மாற்றுக் கருத்து சொல்கிறவன் யாராக இருந்தாலும் விலை போனவன் என்று நினைக்கிற மனசு. அரசியலை நாளும் பார்க்கிற நமக்கு இந்த மனசைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'ஆணவம்' என்று ஒரு சொல்லில் முடிப்பதைவிட இந்த இரண்டு இடங்களையும் சேர்த்து வைத்துக் காட்டுவது பல மடங்கு வலுவான விடை.

ஹேமன் வருகிற காட்சி இன்னும் முக்கியம். அவன் சண்டை போட வரவில்லை. அப்பா, நான் உங்கள் பிள்ளை என்றுதான் ஆரம்பிக்கிறான். வெள்ளத்தில் வளைகிற மரம் கிளையோடு பிழைக்கும், எதிர்த்து நிற்கிற மரம் வேரோடு போகும் என்று பணிவாக எடுத்துச் சொல்கிறான். ஊர் அந்தப் பெண்ணுக்காக இருட்டில் அழுகிறது, உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் பயப்படுகிறது என்கிறான். கிரியான் அதற்கு, நான் எப்படி ஆள வேண்டும் என்று ஊர் எனக்குச் சொல்லுமா என்று கேட்கிறான். ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே இல்லை என்கிறான் மகன். ஊர் என்பது ஆள்பவனுடையது என்றுதானே வழக்கம் என்று அப்பா திருப்பிக் கேட்கிறான். முதல் பேச்சில் ஊருக்கு ஊழியனாக நின்றவன், ஐந்நூற்றுச் சொச்சம் வரிகளில் ஊருக்கே சொந்தக்காரனாகிவிட்டான். இந்த இரண்டு பகுதிகளையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். பாத்திர வளர்ச்சி என்று பாடத்தில் சொல்வதை வேறு எங்கேயும் போய்த் தேட வேண்டாம்.

இனி நாடகத்திலேயே என்னை மிகவும் உலுக்குகிற இடம். டைரீசியஸ் சொல்லிவிடுகிறார்: பலிபீடத்தில் நெருப்பு பிடிக்கவில்லை, பறவைகள் ஒன்றை ஒன்று கிழிக்கின்றன, செத்தவனை மேலே போட்டுவிட்டாய், உயிரோடு இருப்பவளைக் கல்லறைக்குள் வைத்துவிட்டாய், உன் ரத்தத்திலிருந்தே ஒரு பிணம் இதற்கு ஈடாகப் போகும். அவர் போனதும் கிரியான் உடைந்துபோய்ப் பெரியவர்களிடம் என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். அதுவரை யார் பேச்சையும் முழுசாகக் கேட்காதவன் கேட்கிறான், இதைக் கைடுகள் அநேகமாக விட்டுவிடும். பெரியவர்கள் சொல்கிற வரிசை தெளிவானது: போய் முதலில் குகையிலிருந்து பெண்ணை விடுவி, அப்புறம் வெளியே கிடப்பவனுக்குக் கல்லறை எழுப்பு. நான்தான் கட்டினேன், நானே போய் அவிழ்க்கிறேன் என்று கிளம்புகிறான்.

ஆனால் பின்னால் தூதுவன் வந்து சொல்கிற வரிசை வேறு. முதலில் சமவெளிக்குப் போனார்கள், நாய்கள் கிழித்துப்போட்ட பாலினைசீஸின் உடலைக் கழுவினார்கள், புதிதாக ஒடித்த கிளைகளை அடுக்கி மிச்சமிருந்ததை எரித்தார்கள், சொந்த மண்ணில் உயரமாக மேடு எழுப்பினார்கள், அதற்கு அப்புறம்தான் குகைக்குப் போனார்கள். அதற்குள் ஆன்டிகனி மெல்லிய துணியில் தூக்குப் போட்டுக்கொண்டுவிட்டாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஹேமன் கதறுகிறான், அப்பாவைப் பார்த்ததும் முகத்தில் துப்பி, வாளை ஓங்கி, அது தவறிப்போக, அதே வாளில் தானே சாய்கிறான். கிரியான் சடங்கை முழுசாக, ஒரு குறையும் இல்லாமல், செய்தான். உயிரோடு இருந்தவள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏன் மாற்றிச் செய்தான் என்று நாடகம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கேதான் நீங்கள் யோசித்து எழுத வேண்டும். தெய்வக் குற்றத்துக்குப் பயந்தான் என்று சொல்லலாம், தீட்டு நகரத்தின் பலிபீடங்கள் வரைக்கும் வந்துவிட்டதால் அதை முதலில் நீக்கப் பார்த்தான் என்றும் சொல்லலாம். என் கருத்து இதுதான்: அந்தக் கடைசி நேரத்திலும் அவன் முதல் பேச்சில் சொன்னபடியே நடக்கிறான், ஊர்க் காரியம் முதலில், வீட்டுப்பிள்ளை பிறகு. மனம் மாறிவிட்டான், பழக்கம் மாறவில்லை. நாம் தலையாட்டிக் கேட்ட அந்த நல்ல கொள்கைதான் கடைசியில் அவன் மகனைக் கொல்கிறது. இதை நீங்கள் ஏற்காமல் வேறு காரணம் எழுதினாலும் சரிதான், வரிசை மாறியதைக் கவனித்து அதிலிருந்து வாதம் செய்கிற விடைதான் எனக்கு முக்கியம்.

ஆன்டிகனியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும், அவள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காகச் சலுகை கொடுக்கக் கூடாது. நாடகம் அவள் இஸ்மெனியை உருக்கமாகக் கூப்பிடுவதில்தான் தொடங்குகிறது. அக்கா தங்கை இரண்டு பேர்தான் மிச்சம். இஸ்மெனி பயந்து பின்வாங்கியதும் குரல் மாறிவிடுகிறது: இனி நீயாக வந்தாலும் வேண்டாம், போய் ஊரெல்லாம் சொல், மறைத்தால்தான் உன்னை இன்னும் அதிகமாக வெறுப்பேன். பிறகு கிரியான் முன்னால் நின்று, வெறுப்பில் சேர இல்லை, அன்பில் சேரத்தான் பிறந்தேன் என்கிறாள். எல்லோரும் மேற்கோள் காட்டுகிற வரி, 523. சரியாக இருபது வரி தள்ளி, சாவில் பங்கு கேட்டு வருகிற இஸ்மெனியிடம், வாயளவில் அன்பு காட்டுகிறவளை நான் விரும்பவில்லை என்று தள்ளிவிடுகிறாள். இது கல்நெஞ்சமா, இல்லை இஸ்மெனியாவது பிழைக்கட்டும் என்ற கணக்கா? உன்னைக் கேலி செய்யும்போது எனக்கும் வலிக்கிறது என்று ஆன்டிகனியே சொல்கிறாள், நீ உன்னைக் காப்பாற்றிக்கொள் என்கிறாள். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் 523ஐ மட்டும் எழுதிவிட்டு 543ஐ விட்டால் அவளைச் சிலையாக்கி நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு நுணுக்கம். ஹேமனின் பெயரை ஆன்டிகனி நாடகத்தில் எங்குமே சொல்வதில்லை. கல்யாணம் இல்லாமல் சாகிறேன், எமனுலகம்தான் என் மணவறை என்று புலம்புகிறாளே தவிர, கட்டிக்கொள்ள இருந்தவன் பேர் வாயில் வரவில்லை. "அன்பான ஹேமனே, உன் அப்பா உன்னை எப்படி அவமதிக்கிறார்" என்கிற மாதிரி ஒரே ஒரு வரி இருக்கிறது, கையெழுத்துப் பிரதிகளில் அது இஸ்மெனி பேசுவது. சில பதிப்பாளர்கள் அதை ஆன்டிகனிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பாடப் பதிப்பில் யார் பேசுகிறார்கள் என்று 572ஆவது வரியைப் பாருங்கள், ஒரு வரி கைமாறினால் அந்தப் பெண்ணின் மனசே மாறிவிடுகிறது.

கருப்பொருளுக்கு வருகிறேன். 'சட்டமும் மனசாட்சியும்' என்று இரண்டு பெயர்ச்சொல்லை எழுதி நிறுத்தாமல், நாடகம் எல்லோரிடமும் கேட்கிற ஒரு கேள்வியாக அதை எழுதுங்கள். உதாரணமாக, செத்தவனுக்குச் செய்ய வேண்டியதை யார் தீர்மானிப்பது? இஸ்மெனி, ஆள்பவர்களை மீற நமக்கு வலுவில்லை, செத்தவர்கள் மன்னிப்பார்கள் என்கிறாள். காவலாளி, பாவமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் என் உயிர் எனக்கு முதலில் என்கிறான். பெரியவர்கள், ஆள்பவன் ஆளும் வரை அவன் பக்கம். ஹேமன் ஊரைக் காட்டுகிறான். டைரீசியஸ், செத்தவன் உனக்கும் சொந்தமில்லை, மேலுலகத் தெய்வங்களுக்கும் சொந்தமில்லை என்கிறார். ஏதென்ஸ் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: துரோகியைச் சொந்த மண்ணில் புதைக்க அங்கே தடை இருந்தது, எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கத் தடையில்லை. அதனால் கி.மு. 441 வாக்கில் இதைப் பார்த்தவர்களுக்கு ஆணையில் பாதி பழக்கமானதாகவும், நாய்க்குப் போடுகிற பாதி அத்துமீறலாகவும் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நடுக்கோட்டில் நிற்பதால்தான் நாடகம் வேலை செய்கிறது.

நம் பக்கத்து ஒப்பீடு ஒன்று செய்தால் கிரியான் இன்னும் துலங்குவான். மெரினாவில் கையில் சிலம்போடு நிற்கிற கண்ணகியைப் பார்த்திருப்பீர்கள். வழக்குரை காதையில் பாண்டியனும் நல்ல கொள்கையோடுதான் பேசத் தொடங்குகிறான்: "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று". சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி, "கெடுகவென் ஆயுள்" என்று அங்கேயே விழுகிறான். வாதம் இல்லை, இரண்டாவது ஆலோசனை இல்லை, சான்று வந்த அதே நொடியில் தீர்ப்பும் தண்டனையும் தனக்கே. கிரியானுக்கு அந்த விடுதலை கிடைப்பதில்லை. மகன் போகிறான், அதைக் கேட்ட மனைவி யூரிடிசி அவனைச் சபித்துவிட்டுச் சாகிறாள், என்னைக் கொண்டுபோய்விடுங்கள் என்று அவன் கெஞ்சுகிறான், நாடகம் அவனை உயிரோடு வைத்திருக்கிறது. இளங்கோவடிகளுக்கு அரசனின் தவறு செங்கோலை வளைக்கிறது, அவன் உயிர் அதை நிமிர்த்துகிறது. சோஃபோக்கிளீஸிடம் எதுவும் நிமிர்வதில்லை. தேர்வில் இந்த ஒப்பீட்டைச் சின்னதாக எழுதலாம், ஆனால் இரண்டு பெண்களையும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். கண்ணகி அரசனிடமே நீதி கேட்டு வருகிறாள், ஆன்டிகனி அரசனிடம் ஒன்றுமே கேட்கவில்லை, தானே போய்ச் செய்துவிட்டாள்.

கடைசிக் கேள்வி, நாயகன் யார்? 1,353 வரி நாடகத்தில் ஆன்டிகனி 943ஆவது வரியோடு மேடையை விட்டுப் போகிறாள், பிறகு நானூறு வரிகள் அவள் இல்லாமலே நடக்கின்றன. தவறு செய்வது, அதை உணர்வது, திருத்த ஓடுவது, தாமதமாக வந்து சேர்வது, எல்லாம் இழந்து நிற்பது என்று அரிஸ்டாட்டிலின் அளவுகோலில் வருவதெல்லாம் கிரியானுக்குத்தான் நடக்கிறது. அதனால் நான் கிரியான் என்றுதான் எழுதுவேன். ஆன்டிகனி என்று எழுத விரும்பினால் அவளுடைய கடைசிப் பேச்சை ஆதாரமாக எடுங்கள், பின்னணியில் தெய்வங்கள் மௌனமாக இருக்க, நான் எந்தத் தெய்வ நியதியை மீறினேன் என்று அவள் முதல்முறையாகத் தடுமாறுகிற இடம் அங்கேதான் இருக்கிறது. பத்து மதிப்பெண் கேள்வி என்றால் இரண்டு பேரையும் சரிபாதியாகப் பிரித்து எழுதாமல் ஒருவரை எடுத்து, மேலே சொன்ன இடங்களில் இரண்டை மட்டும் விரிவாக எழுதினால் போதும், நேரமும் அவ்வளவுக்குத்தான் இருக்கும்.